எமன் பொட்டி வைத்திருக்கும் பல் டாக்டர்

மரக்காணம் கடைத்தெருவில் பல் டாக்டர் சூர்யகலாவின் கிளினிக்குக்கு வழி கேட்டால் யாரும் பெயர்ப்பலகையைச் சொல்லமாட்டார்கள். "எமன் பொட்டி வெச்சிருக்காங்களே, அந்த டாக்டரம்மாவா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கேட்கிறவர்களுக்கு அதில் ஒரு சிரிப்பு வேறு. வெளியூரிலிருந்து வந்தவர்கள் அந்தப் பெயரைக் காதில் வாங்கிக்கொண்டு, பல்வலியே தேவலை என்று பஸ் ஏறிப் போனதும் உண்டு.

எமன் பொட்டி என்பது ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பெட்டி. பல் பிடுங்கும் நாற்காலியில் சாய்ந்து படுத்தால் நேர் எதிரே, பார்க்காமல் இருக்கவே முடியாத இடத்தில், சுவரில் ஒரு பலகை அடித்து அதை வைத்திருக்கிறாள் சூர்யகலா. பக்கத்தில் கைக்கு அடக்கமான ஒரு ஆக்சிஜன் சிலிண்டர். ஏற்கெனவே பயந்துகொண்டு வந்து உட்காரும் மனுஷனுக்கு முதலில் கண்ணில் படுவது இந்த இரண்டும்தான்.

கட்டடத்துக்காரர் தட்சணாமூர்த்தி, கீழே மளிகைக் கடை வைத்திருப்பவர், நல்ல மனசோடுதான் சொன்னார். பல் பிடுங்க வருகிறவன் சாவைப் பற்றி ஏன் நினைக்க வேண்டும், அதை அலமாரிக்குள் வைத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்று கேட்டார். சூர்யகலா மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

"அலமாரின்னா கதவு இருக்கும். கதவுன்னா பூட்டு இருக்கும். சாவி எப்பவும் வேற யார் கையிலயாவது இருக்கும்ங்க."

அவள் சும்மா சொல்லவில்லை. கல்லூரியில் படிக்கும்போது கண்ணால் கண்டது. பல் பிடுங்கிக்கொள்ள வந்த ஒரு பெரியவர் நாற்காலியிலேயே வியர்த்து, கண் செருகிச் சாய்ந்துவிட்டார். மருந்தெல்லாம் இருந்தது. பளபளவென்று கண்ணாடி அலமாரியில் வரிசையாக அடுக்கி, வெளியே நின்றே பெயரைப் படிக்கிற மாதிரி இருந்தது. சாவி வைத்திருந்தவர் டீ குடிக்கப் போயிருந்தார். ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். மாணவியான சூர்யகலாவுக்கு ஓடக்கூடத் தோன்றவில்லை. பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மருந்தைப் பார்த்தபடி நின்றாள். சாவி வந்தது, பெரியவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் சாவி வரும்வரை நின்ற நிற்பு இருக்கிறதே, அது அவளை விட்டுப் போகவே இல்லை. இன்றைக்கும் அந்தக் கிளினிக்கில் வாசல் கதவைத் தவிர வேறெதற்கும் பூட்டு கிடையாது.

பிரம்மதேசத்தில் நெல்லும் மணிலாக் கொட்டையும் போடுகிற குடும்பம் அவளுடையது. அப்பா புருஷோத்தமனுக்கு மகள் சென்னையிலோ புதுச்சேரியிலோ கடை போடுவாள் என்றுதான் ஆசை. இவள் மரக்காணத்தில்தான் போடுவேன் என்று நின்றாள். மீனவக் குப்பத்து ஜனங்களும் உப்பளத்து ஜனங்களும் பல்லுக்காக யாரிடமும் போகாமல், கிராம்பையும் புகையிலையையும் அடக்கிக்கொண்டு வருஷக்கணக்கில் வீங்கிக் கிடப்பதைப் பார்த்தவள் அவள். வந்த பிறகுதான் தெரிந்தது, இங்கே முதல் எதிரி சொத்தைப் பல் இல்லை, உப்புக்காற்று என்பது.

உப்புக்காற்று எதையும் விட்டுவைக்காது. ஃபேன், ஜன்னல் கம்பி, கதவுக் கீல் எல்லாவற்றையும் தின்றுவிடும். அவள் முதலில் வாங்கி வைத்தது நல்ல இரும்புப் பெட்டி. ஒரே மழைக்காலத்தில் மூடி துருவேறி, உளி வைத்துத் திறக்கும்படி ஆகிவிட்டது. அன்றைக்கே பிளாஸ்டிக்குக்கு மாறினாள். ஆக்சிஜன் சிலிண்டரின் திருகுக்கு வேறு கதை. கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் செந்தமிழ் குப்பத்துக்காரி, கல்யாணம் ஆகி இரண்டு பிள்ளை பெற்றவள். படகு இன்ஜினிலிருந்து தையல் மெஷின் வரைக்கும் இரும்பு என்றால் எண்ணெய் விடுவது அவர்கள் வீட்டு வழக்கம். அந்தப் பொறுப்பில் ஒருநாள் தேங்காய் எண்ணெய் டப்பாவோடு சிலிண்டர் பக்கம் போய்விட்டாள். சூர்யகலா பாய்ந்து போய்க் கையைப் பிடித்துவிட்டாள். ஆக்சிஜன் வரும் இடத்தில் எண்ணெய் பட்டால் தீப்பிடித்து வெடிக்கும் என்று விளங்க வைத்து, டப்பாவை வாங்கி அப்பால் வைத்தாள். அதிலிருந்து தினமும் காலையில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, காய்ந்த துணியால் திருகைத் துடைத்து, ஒரு தரம் திறந்து மூடிப் பார்ப்பது செந்தமிழின் வேலை. சாமி விளக்கைக்கூட அதற்குப் பிறகுதான் துடைப்பாள்.

பெட்டிக்குள் மருந்துகளின் இங்கிலீஷ் பெயரை யாரும் தேட வேண்டியதில்லை. ஆளைப் பார்த்தால் என்ன தெரிகிறதோ அதையே ஒவ்வொரு பைக்கும் பெயராக எழுதி ஒட்டியிருக்கிறாள் சூர்யகலா. 'பசி மயக்கம்' என்றால் சர்க்கரை. 'நெஞ்சு வலி' என்றால் நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை, மெல்லுகிற மாத்திரை. 'இழுப்பு' என்றால் வாயில் வைத்து அடிக்கிற பம்ப். 'தடிப்பு, மூச்சு' என்ற பைதான் மேலாக இருக்கும். அதில் பழுப்புக் கண்ணாடிக் குப்பிகளில் அட்ரினலின். வெயிலும் சூடும் ஆகாத மருந்து என்பதால் கரண்ட் போய் அறை சூடானால் முதலில் அதைத்தான் பார்ப்பாள். தண்ணீர் மாதிரி தெளிவாக இருக்க வேண்டும். ஒரு துளி நிறம் மாறியிருந்தாலும் எடுத்துவிடுவாள்.

தேதி முடிந்த குப்பிகளை அவள் அப்படியே தூக்கி எறிவதில்லை. மாதத்துக்கு ஒருமுறை, நோயாளிகள் வருவதற்கு முன், ஒத்திகை நடக்கும். ஒரு பப்பாளிப் பழம் நோயாளியாகி நாற்காலியில் படுத்திருக்கும். குப்பியை உடைத்து, ஊசியில் இழுத்து, பப்பாளியின் தொடையில் போட வேண்டும். பப்பாளிக்குத் தொடை எங்கே என்று செந்தமிழ் கேட்காத மாதம் கிடையாது. மருந்தை எடுத்துக் கொடுப்பவர் அது என்ன, எங்கே, எவ்வளவு என்று வாய்விட்டுச் சொல்லியே கொடுக்க வேண்டும் என்பது சூர்யகலா போட்ட விதி. பதற்றத்தில் கண் ஏமாற்றும், காது ஏமாற்றாது என்பாள். ஊர் இதைக் கேட்டுச் சிரித்தது. பப்பாளிக்கு ஊசி போடுகிற டாக்டரை ஊர் பார்த்ததில்லை. அவளும் சிரித்தபடியே அடுத்த பப்பாளியை வாங்கினாள். இந்தப் பிடிவாதம் எல்லோருக்கும் வராது.

பெட்டிக்கு எமன் பொட்டி என்று பெயர் வைத்தது சடையப்பன். அலை தலைக்கு மேல் எழும்பும் நாளிலும் அசராமல் படகை இறக்குகிற ஆள். மரத்துப்போகச் செய்கிற ஊசியைக் கண்டதும் வாழைமரம் மாதிரி சாய்ந்துவிட்டார். காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை. பல் பிடுங்க வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். சூர்யகலா நாற்காலியைச் சாய்த்துக் காலைத் தூக்கி வைத்து, கண் விழித்ததும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தாள். அவ்வளவுதான் வைத்தியம். ஆனால் சடையப்பன் கண் திறந்தபோது தலைமாட்டில் திறந்து கிடந்தது அந்தச் சிவப்புப் பெட்டி. குப்பத்துக்குப் போய், எமன் பெட்டியோடு வந்து நின்றான், நான் திரும்பி வந்துவிட்டேன் என்று கதை கட்டினார். மயங்கி விழுந்ததை மறைக்க ஒரு ஆம்பளைக்கு வேறு என்ன வழி.

அருக்காணி வந்தது உப்பு வாரும் காலத்தில், நல்ல வெயிலில். ஐம்பதைத் தொட்ட உப்பளத் தொழிலாளி. கணவர் இல்லை, மகனையும் மகளையும் உப்பு சுமந்தே வளர்த்தவள். இடது கன்னம் கொழுக்கட்டை மாதிரி வீங்கியிருந்தது. வேலையை விட்டுவிட்டு வர மனம் வராமல் பொறுத்துப் பொறுத்து, வாயே திறக்க முடியாத நிலையில் வந்திருந்தாள். உள்ளே சீழ் கட்டியிருக்கிறது, முதலில் வீக்கம் வடிய மாத்திரை, பிறகுதான் பல் என்று சொன்னாள் சூர்யகலா. கூடவே எல்லோரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். எந்த மருந்தாவது இதற்கு முன் ஒத்துக்கொள்ளாமல் போயிருக்கிறதா? அருக்காணி யோசித்துப் பார்த்துவிட்டு, மருந்து சாப்பிட்டதே அபூர்வம், அப்படி எதுவும் இல்லை என்றாள். பொய் சொல்கிறவள் இல்லை அவள்.

முதல் மாத்திரையை இங்கேயே போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது அந்தக் கிளினிக்கின் இன்னொரு வழக்கம். இதற்கும் ஊரில் முணுமுணுப்பு உண்டு. அருக்காணி பென்சிலின் வகை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வெளி பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் சடையப்பன். அன்றைக்குப் பிடுங்காமல் விட்டுப்போன பல் மறுபடியும் வலித்து அவரைப் பிடித்து இழுத்து வந்திருந்தது.

சூர்யகலா அடுத்த ஆளைக் கூப்பிடக் கதவைத் திறந்தபோது அருக்காணி சொறிந்துகொண்டிருந்தாள். அதில் அதிசயம் ஒன்றுமில்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று உப்பளத்து ஜனங்களின் காலும் கையும் வெடித்துப் புண்ணாகி எப்போதும் அரித்துக்கொண்டேதான் இருக்கும். ஆனால் அருக்காணி சொறிந்தது காதுக்குப் பின்னால். பிறகு கையைப் பின்னால் வளைத்து முதுகை. கையுறையை இழுத்துக்கொண்டிருந்த சூர்யகலாவின் கை நின்றது. தலையில் துண்டு கட்டி, சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு உப்புப் பாத்தியில் இறங்குகிறவளுக்கு அங்கே உப்பு எப்படிப் போகும்?

"இன்னாம்மா, அரிக்குதா?"

"உப்பளத்துக்காரிக்கு அரிக்காம இருக்குமா டாக்டரம்மா. இன்னிக்கி கொஞ்சம் ஜாஸ்தியா இருக்குது."

குரல் மாறியிருந்தது. வந்தபோது இருந்த குரல் இல்லை, கம்மிப்போய் அடியிலிருந்து வந்தது. சூர்யகலா சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தாள். கழுத்தெல்லாம் தடித்தடியாகச் சிவந்து வீங்கியிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே உதடு தடித்தது. தொண்டையை யாரோ பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது என்று அருக்காணி கையால் காட்டினாள். எழுந்திருக்கப் பார்த்தவள் கால் தள்ளாடிச் சரிந்தாள். சடையப்பன்தான் கீழே விழாமல் ஏந்தித் தரையில் படுக்க வைத்தார்.

"செந்தமிழ், தடிப்பு மூச்சு."

பெட்டி வந்துவிட்டது. காலைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிச் சடையப்பனிடம் விட்டாள். தட்சணாமூர்த்தி கீழே இருந்து ஓடிவந்து, அவள் சொன்னபடி நூற்றெட்டுக்கு போன் போட்டார். நாடியைப் பிடித்தாள், நூல் மாதிரி ஓடியது. எல்லாம் ஒத்திகையில் செய்தபடியே நடந்தது. அந்த இடத்தில்தான் சூர்யகலா தயங்கினாள்.

பயம் என்றால் அப்படி ஒரு பயம். பெட்டியில் அரிப்புக்குப் போடுகிற சாதாரண ஊசியும் இருந்தது. முதலில் அதைப் போட்டுக் கொஞ்சம் பார்க்கலாமே என்று மனசு கெஞ்சியது. அதைப் போட்டு யாரும் யாரையும் குறை சொன்னதில்லை. அட்ரினலின் அப்படி இல்லை, நெஞ்சையே உதைத்துக் கிளப்புகிற மருந்து. இந்த ஐம்பது வயது நெஞ்சு தாங்குமா? பப்பாளிக்குப் போட்ட ஊசியில் பப்பாளி செத்ததில்லை. கீழே கிடப்பது இரண்டு பிள்ளைகளின் தாய். தவறாகப் போனால் நாளைக்கு இந்த ஊரில் முகம் காட்ட முடியாது. ஆனால் அரிப்பு ஊசி தொண்டையைத் திறக்காது, நாடியைத் தூக்காது என்பது அவளுக்குத் தெரியும். காத்திருந்தால் என்ன ஆகும் என்பதும் தெரியும். கண்ணாடிக்குப் பின்னால் மருந்தைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த நாள் அவள் முன்னால் வந்து நின்றது. இப்போது கண்ணாடியும் இல்லை, பூட்டும் இல்லை. தடுத்து நிறுத்துவது தன்னுடைய பயம் மட்டும்தான்.

"அட்ரினலின். தொடையில. பாதி," என்றாள் செந்தமிழ், குப்பியை நீட்டியபடி. அவள் குரல்தான் நடுங்கியது, வார்த்தை நடுங்கவில்லை.

சூர்யகலா குப்பியை உடைத்தாள். பாதியை இழுத்து, சேலையை விலக்கித் தொடையின் வெளிப்பக்கம் நேராகக் குத்தினாள். செந்தமிழ் சிலிண்டரைத் திருகினாள். தினமும் துடைத்த திருகு முரண்டு பிடிக்காமல் திறந்தது. முகமூடியை வைத்துவிட்டு எல்லோரும் அருக்காணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நிமிஷங்கள் போயின. நாடி ஏறவில்லை. தயக்கம் இப்போது சூர்யகலாவிடம் இல்லை. இன்னொன்று என்று கையை நீட்டினாள். இன்னொன்று வந்தது, அதே வார்த்தைகளோடு.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு அருக்காணியின் நெஞ்சு ஒருமுறை நன்றாக ஏறி இறங்கியது. பிறகு இன்னொரு முறை. நூலாக ஓடிய நாடி விரலுக்குக் கீழே கயிறாகத் திரண்டது. வெளுத்துக் கிடந்த முகத்தில் வெயில் கறுப்பு மெல்லத் திரும்பி வந்தது. தூக்கிய காலை இறக்கலாமா என்று கேட்கக்கூடத் தெரியாமல் சடையப்பன் அழுதுகொண்டிருந்தார்.

ஆம்புலன்ஸில் சூர்யகலாவும் ஏறிக்கொண்டாள், மடியில் சிவப்புப் பெட்டியோடு. ஆஸ்பத்திரியில் ஆபத்து முழுக்கத் தாண்டிவிட்டது என்று சொன்ன பிறகும் கட்டில் பக்கத்திலேயே இருந்தாள். அங்கேதான் அருக்காணி, பேச்சோடு பேச்சாக, ஒரு பழைய விஷயத்தைச் சொன்னாள். முன்பு ஒருமுறை காய்ச்சலுக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டபோதும் இப்படித்தான் உடம்பெல்லாம் தடித்து அரித்ததாம். நல்ல தண்ணீரில் இரண்டு தரம் குளித்தாளாம், அடங்கிவிட்டதாம்.

"அப்ப ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்க மருந்து ஒத்துக்காம போச்சான்னுதானே கேட்டீங்க. அது உப்பாலதான்னு நெனச்சேன் டாக்டரம்மா. எங்களுக்கு இன்னா வந்தாலும் உப்புதானே."

உப்பளத்தைப் பார்த்துக்கொண்டே பஸ்ஸில் பள்ளிக்கூடம் போனவள் சூர்யகலா, ஒருநாளும் பாத்தியில் இறங்கியதில்லை. அரிப்பு, எரிச்சல், தடிப்பு என்று உடம்பு எதைச் சொன்னாலும் பழியை உப்பின் மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போகிற ஜனங்களிடம், புத்தகத்தில் இருந்த கேள்வியை அப்படியே கேட்டிருக்கிறாள். கேள்விதான் தப்பு என்று அவளுக்கு அன்றைக்கு விளங்கியது. அருக்காணியை மட்டும், "எனக்குப் பென்சிலின் ஆகாது" என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொல்ல வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

ஊர் சும்மா இருக்குமா? பல் டாக்டர் மாத்திரை கொடுத்து ஒருத்தி சாகப் பிழைக்கக் கிடந்தாள் என்று ஒரு பேச்சு. ஊசி மேல் ஊசியாகப் போட்டாள் என்று இன்னொரு பேச்சு. கிளினிக் பெஞ்ச் காலியாகவே கிடந்தது. சடையப்பன் மட்டும் டீக்கடை டீக்கடையாக நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். யாராவது நேரில் கேட்டால், "ஆமாங்க, நான் குடுத்த மாத்திரைதான்" என்பாள் சூர்யகலா. அதற்கு மேல் தன் பக்க நியாயத்தை ஒரு வார்த்தை பேசமாட்டாள். எனக்கு அவளிடம் மிகவும் பிடித்தது இதுதான். காலியான பெஞ்சைப் பார்த்துக்கொண்டே புதுக் குப்பிகளை வரவழைத்துப் பையில் போட்டு, ஒத்திகைக்குப் பப்பாளியும் வாங்கி வைத்தாள்.

வேறு வகை மாத்திரையில் வீக்கம் வடிந்ததும் அருக்காணி வந்தாள். தனியாக வரவில்லை. உப்பளத்தில் கூட வேலை செய்கிற பெண்கள் ஒரு கூட்டமே படியேறி வந்தது. அந்தப் பல் இன்னும் வாயில்தான் இருக்கிறது, வேறு யாரிடமும் போகமாட்டேன் என்று சொல்லிக்கொண்டே நாற்காலியில் சாய்ந்தாள். எதிர்ச் சுவரைப் பார்த்தாள்.

"அந்த எமன் பொட்டிய எடுத்து இப்பிடி எங்கிட்ட வையும்மா, செந்தமிழு. கைக்கு எட்டுற மாதிரி இருக்கட்டும்."

பெட்டி அவள் பக்கத்தில் வந்தது. அருக்காணி அதன் மூடி மேல் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். பல் வந்துவிட்டது. பெட்டியைத் திறக்கவே தேவைப்படவில்லை.

சூர்யகலா கையைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்த பெண்களின் முன்னால் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மருந்து ஒத்துக்கொள்ளுமா என்று அவள் கேட்கவில்லை.

"உங்கள்ல யாருக்காவது உப்பு படாத எடத்துல எப்பவாவது அரிச்சிருக்குதா? முதுகு, வயிறு, காதுக்குப் பின்னால? மாத்திரை போட்ட அன்னிக்கி?"

ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். இப்படி ஒரு கேள்வியை எந்த டாக்டரும் கேட்டதில்லை. சிரிப்பு அடங்கிய பிறகு, ஓரத்தில் இருந்த சரஸ்வதி என்ற இளம்பெண் மட்டும் சிரிக்காமல் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது பிரசவத்துக்கு நாள் நெருங்கிய வயிறு.

"எனக்கு அரிச்சிருக்குது டாக்டரம்மா," என்றாள். "போன பிரசவத்துல ஒரு மாத்திரை குடுத்தாங்க. மூச்சு கூட முட்டிச்சு. உப்புன்னுதான் நெனச்சேன்."

சூர்யகலா ஸ்டூலை அவள் பக்கமாக நகர்த்தினாள்.